நாள்தோறும் பெறும் நன்மைகள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுதற்கு எனக்களிக்கப்பட்ட பொருள் 'மகிழ்ச்சி' என்பது. செயலாளரவர்கள் தம் கடிதத்தில் அவ்வொரு சொல்லை மட்டுமே எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சியை நேரே துரத்திச் சென்று பிடித்தவரை யான் நூல்களிலுங் கண்டதில்லை, நம்மூரிலுங் கண்டதில்லை. ஆகலின், அதற்கு அடுத்த வீடாகிய நன்றியறிவின் வழியே அதனை அணுகலாமென்று துணிந்தேன். அதிலும், பெரும்பேறுகளைக் குறித்து யான் பேசப்போவதில்லை. காலை எழுந்தது முதல் இரவு கண்ணயரும்வரை நாம் பெற்றுக்கொண்டும் அறியாதிருக்கிற சிறிய நன்மைகளே இன்று நாம் எண்ணிப்பார்க்க வேண்டியன.

முதற்கண் சொல்லை ஆராய்வோம். இக்காலத்தில் 'நன்றி' என்பது வாயாற் சொல்லும் ஓர் உபசாரமாய்ச் சுருங்கிவிட்டது. கூட்டத்தின் முடிவில் 'நன்றியுரை' என்று ஒருவர் எழுந்தவுடன் நாமும் எழுந்து செருப்பைத் தேடப்புகுகின்றோம். பழைய நூல்களிலோ 'நன்றி' யென்பதற்கு நன்மை யென்பதே பொருள். 'செய்ந்நன்றி அறிதல்' என்றால், பிறர் செய்த நன்மையை அறிதல். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்திற்கு அப்பெயரே அமைந்திருக்கின்றது. நன்றி 'சொல்லுதல்' என்று அது பெயர் பெறவில்லை. 'அறிதல்' என்றே பெற்றது. இவ்வேறுபாடு சிறிதன்று. சொல்லுதற்கு நாவொன்று போதும். அறிதற்கோ கண் வேண்டும், நினைவு வேண்டும், சிறிதளவேனும் ஓய்வு வேண்டும். நம் பாட்டிமார் ஒருநாளும் ஒருவர்க்கும் 'நன்றி' என்று சொல்லியிரார்கள். குடிக்க ஒரு சொம்பு நீர் கொடுத்தவரைப் பார்த்து, 'நல்லா இருங்க சாமி' என்பார்கள். கொடுத்தவரை ஏறிட்டு முகம் பார்த்தன்றி அவ்வாழ்த்தைச் சொல்ல இயலாது. நாமோ கடிதத்தின் அடியில் 'நன்றி' என்று அச்சிட்டுவிட்டு, பெறுபவர் பெயரைப் பிழையாக எழுதுகின்றோம்.

பெரிய உதவியை மக்கள் எளிதில் மறப்பதில்லை. 1932ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நம் திருப்பூரிலே கொடியேந்திச் சென்று தடியடிபட்டு வீழ்ந்து, 11ஆம் தேதி மருத்துவமனையில் உயிர்நீத்த குமரனை நாடறியும். அவர்க்கு நினைவகம் உண்டு, தபால்தலை உண்டு, பாடப்புத்தகத்தில் இடமுண்டு. அது முற்றிலும் தகும். ஆனால், வீதியில் மண்டையுடைந்து கிடந்த அவ்விளைஞரை அள்ளியெடுத்துத் தூக்கிச் சென்ற கைகளை எண்ணிப் பாருங்கள். அன்றிரவு அவர் வாயில் நீர் வார்த்த கையொன்றும் இருந்திருக்கும். அக்கைகளுக்கு நினைவகம் இல்லை; இருக்கவும் இயலாது. உலகத்தில் நடைபெறும் உதவிகளிற் பெரும்பகுதி இவ்வகையினவே. அவற்றிற்குச் சிலை வைக்க முடியாதாகையால், அறிவால் வைத்துக்கொள்வதொன்றே வழி.

நம் குலத்தொழிலையே எடுத்துக்கொள்வோம். நம் முன்னோர் குழித்தறியில் இறங்கி நெய்தவர்கள். ஒரு தறிக்கு ஒருவன் போதுமென்று வெளியிலிருந்து காண்பார் எண்ணுவர். பாவு ஓட்டுதல் என்னும் வேலையை நேரிற் கண்டவர் அவ்வாறு எண்ணார். விடியுமுன் தெருவின் நீளத்திற்குப் பாவை விரித்துக் கட்டி, வெயில் ஏறி நூல் முறுகுமுன் கஞ்சி தோய்த்துக் கோதி முடித்தாகவேண்டும். இஃது ஒரு வீட்டார் கையால் ஆகக்கூடியதன்று. இன்று என் பாவிற்கு நீ வந்தால் நாளை உன் பாவிற்கு யான் வருவேன், கூலியுமில்லை, கணக்குமில்லை. அற்ற இழையை முடிந்துகொடுத்த பக்கத்து வீட்டுக்காரனோடு நேற்று மாலைதான் வாய்க்காற் சண்டை போட்டிருக்கலாம். ஆயினும் பாவுக்கு வந்து நிற்பான். அச்சண்டை அங்கேயே பாதி தீர்ந்துவிடும்.

இதனால் நம் முன்னோர் நன்றியறிவில் குறைவற்றவர்கள் என்று யான் புகழ வந்தேனல்லேன். ஒரு பெருங்குறையும் அவர்களிடத்து இருந்தது. நாடாவிலே நூல் தீரத்தீரத் தார் சுற்றிக்கொடுத்தவள் மனைவி. ராட்டையின் ஓசை நின்றால் தறியின் ஓசையும் நிற்கும். இரவு உலைவைத்து, பிள்ளையைத் தூங்கவைத்து, மீண்டும் ராட்டையில் அமர்ந்தவளும் அவளே. நெசவுக்கூலியோ ஆடவன் பெயரிலே எழுதப்பட்டது. 'நெய்தவன் இன்னான்' என்றே ஊரும் சொல்லிற்று. அவள் சுற்றிய தார்களை எண்ணினவர் யார்? நம் சங்கத்தின் பழைய பேச்சுக்களைப் புரட்டினால் மன்னரும் புலவரும் படைத்தலைவரும் நம் மரபில் தோன்றியமை விரிவாகக் காணப்படும். தார் சுற்றியவர்களைக் குறித்து ஒரு பக்கமும் யான் கண்டிலேன்.

தறி போய்ப் பின்னல் வந்தது. நம் பிள்ளைகளிற் பலர் இன்று பனியன் கம்பெனியிலும் பவர் டேபிளிலும் இருக்கின்றார்கள். காலை எட்டரைக்குப் புகுந்து இரவு எட்டு மணிக்கு வெளிவரும் 'ஒன்றரை ஷிப்டு' வாழ்க்கையை இவ்வூரில் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. அவ்வாழ்க்கையில் நின்று எண்ண நேரமேது என்று இளைஞர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒன்று சொல்வேன். திருப்பூரிற் பிறந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் எவரேனும் புதுச்சட்டை வாங்கிக் காட்டினால், மற்றவர்கள் நிறத்தைப் பார்க்க, இவன் உட்புறத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பான். கழுத்துப்பட்டி நேராக ஏறியிருக்கின்றதா, ஓவர்லாக் ஒழுங்காக ஓடியிருக்கின்றதா, கீழ்மடிப்பில் பேட்லாக் இழுபடாமல் விழுந்திருக்கின்றதா என்று ஆராய்வான். இப்பழக்கத்தைத் தொழிற்புத்தி என்று நாம் சிரித்துத் தள்ளுகின்றோம். யான் இதனை நன்றியறிவின் தொடக்கம் என்பேன். ஏனெனில், உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவன்தான் கைகளைக் காண்பான்.

ஒரு பனியனைக் கையிலெடுத்து எண்ணிப் பாருங்கள். கரிசற் காட்டில் பருத்தி எடுத்த பெண்ணின் விரல்கள், நூற்பாலையில் இரவுமுறையிற் கண்விழித்து அற்ற நூலைச் சேர்த்த சிறுபெண், வட்டப் பின்னல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று ஊசி முறியாது காத்தவன், சாயப்பட்டறையின் ஆவியிலும் ஈரத்திலும் நின்றவன், அடுக்கி வைத்துத் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர், தையல்காரர், அவர்க்கருகே நின்று துண்டுகளை எடுத்துக் கொடுத்தும் மடித்து வைத்தும் ஓயாத கைமடி, பிசிறு வெட்டுபவள், விளக்கடியில் வைத்துத் துளையும் கறையும் தேடும் செக்கிங் பெண், இஸ்திரி போடுபவன், பெட்டியிலடைப்பவன், அப்பெட்டியைத் தலையிற் சுமந்து லாரியிலேற்றுபவன். இவர்களுட் பலரை நாம் ஒருநாளும் பார்த்திரோம். சிலர் தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்தவர்கள். சிலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, நம் வீட்டு மாடியில் ஒரே அறையில் அறுவராய் வாழ்கின்றார்கள். சாதிச் சங்கத்தின் கூட்டத்தில் நின்றுகொண்டு இதனைச் சொல்லுதல் என் கடமையென்று கருதுகின்றேன்: நாம் உடுத்தும் ஒரு பனியனிலே 'நம்மவர்' கையை மட்டும் பிரித்தெடுக்க எவராலும் ஆகாது. இழை இழையாய்ப் பிரித்தாலும் ஆகாது.

இக்கைகள் நமக்கு எவ்வளவு வேண்டியவை என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதம் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. இயந்திரங்கள் நின்றன. தூங்கவொட்டாமல் அடிக்கும் என்று நாம் வைதுகொண்டிருந்த அவ்வோசை நின்றபோது, தெருவின் அமைதி நமக்கு இனிக்கவில்லை, அச்சத்தையே தந்தது. பதினொரு மணிக்குத் தூக்கில் வரும் தேநீரைப் பலர் நினைத்துக்கொண்டதாக என்னிடம் சொன்னார்கள். அத்தேநீர் அப்படியொன்றும் சுவையானதன்று. பாலினும் நீரே மிகுதி. ஆனால் அதைக் குடிக்கும் அந்த நிமிடங்களில் ஒருவன் தன் மகள் பரீட்சையைப் பற்றிச் சொல்லுவான். ஒருத்தி தன் ஊரில் மழைபெய்த செய்தியைச் சொல்லுவாள். அந்நிமிடங்களை அதுகாறும் எவரும் இன்பமென்று கணக்கிட்டதில்லை. பிறகு மே மாதத்தில் வடநாட்டுத் தொழிலாளர் தனி ரயில்களில் ஏறித் தம் ஊர்களுக்குப் புறப்பட்டனர். அவர்கள் வந்த நாளில், நாம் அவர்களிடம் வாடகையை மட்டுமே விசாரித்திருந்தோம்.

நீரைக் குறித்தும் சொல்லவேண்டும். நம் பகுதியில் நீரைக் குறித்துப் பேசாமல் நன்மையைப் பேசுதல் இயலாது. நொய்யல் நம் ஆறு. சாயக்கழிவு அதனைக் கெடுத்தது. பாசனத்திற்கென்று 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தேக்கமாய் மாறிற்று. நீரைத் தேக்கவேண்டாமென்று உழவரே கேட்கும் விந்தையான நிலை உண்டாயிற்று. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின்னரே, கழிவை வெளிவிடாது சுத்திகரிக்கும் முறைக்கு உட்பட்டு அவை படிப்படியாய்த் திறந்தன. இவ்வரலாறு நமக்குப் பெருமை தருவதன்று. வீட்டு நீர் நமக்குப் பவானியிலிருந்தும் காவிரியிலிருந்தும் நெடுந்தொலைவு குழாய்வழி வருகின்றது. பல தெருக்களில் அஃது நாள்தோறும் வருவதுமில்லை. வரும் நாளில், பின்னிரவில் எழுந்து குடம்குடமாய்ப் பிடித்து வைப்பவர் நம் வீட்டுப் பெண்டிரே.

என் வகுப்பு மாணவரிடம் ஒருமுறை, 'நேற்று உனக்கு நன்மை செய்தவர் யாவர்? ஐவரை எழுதுக' என்று கட்டுரைப் பொருள் கொடுத்தேன். பெரும்பாலார் காந்தியடிகள், அப்துல் கலாம் என்று எழுதினர். பாடப்புத்தகம் அவ்வாறு பழக்கிவிட்டது. 'நேற்று' என்ற சொல்லைக் கவனியுங்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் ஒரு பையன் இரண்டே வரி எழுதியிருந்தான்: அம்மா மூன்று மணிக்குத் தண்ணீர் பிடித்தாள், தான் விழித்திருந்தும் தூங்குவதுபோற் கிடந்தான். அவன் ஐவரை எழுதவில்லை. யான் முழுமதிப்பெண் கொடுத்தேன்.

மேனாட்டு உளநூலாரும் இத்துறையில் ஆராய்ந்திருக்கின்றனர். எம்மன்ஸ், மெக்கல்லோ என்னும் இருவர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. கல்லூரி மாணவரை மூன்று கூட்டமாகப் பிரித்தனர். வாரம் ஒருமுறையாகப் பத்து வாரம், ஒரு கூட்டத்தார் நன்றிக்குரியவற்றையும், மற்றொரு கூட்டத்தார் தொல்லைகளையும், மூன்றாமவர் பொதுவான நிகழ்ச்சிகளையும் ஐந்துவரை எழுதிவந்தனர். முதற் கூட்டத்தார் தம் வாழ்வைக் குறித்து மற்றவரினும் நல்லெண்ணமும், வருவதைக் குறித்து நம்பிக்கையும் மிகுதியாகக் கொண்டிருந்தனர். தசைநரம்பு நோயுற்றோரிடம் 21 நாள் நாள்தோறும் எழுதச்செய்து பார்த்தபோது, எழுதியவர்க்கு உறக்கமும் நன்கு அமைந்தது. பின்னர் லூபோமிர்ஸ்கி என்னும் அம்மையார் குழுவினர், வாரம் ஒருமுறை எழுதியவர்க்குப் பயன் இருந்ததென்றும், மும்முறை எழுதியவர்க்கு அஃது இல்லையென்றும் கண்டனர். அளவுக்கு மிஞ்சினால் இதுவும் வெறுஞ்சடங்காகிவிடும் போலும்! சனிக்கிழமை தோறும் சம்பளம் வாங்கும் நம்மூருக்கு வாரக்கணக்கு நன்றாகவே பொருந்தும்.

இனி ஓர் ஐயம். மிக இன்றியமையாதது, இங்கே சற்று நிற்கவேண்டும். 'உள்ளதை எண்ணி மகிழ்ந்திரு என்பது, கூலி குறைத்துக் கொடுப்பவர்க்கு மிகவும் பிடித்த உபதேசமன்றோ? தேநீர் கொடுத்தேன், தீபாவளிக்குப் புடவை கொடுத்தேன், நன்றியில்லாதவர்கள் என்று முதலாளி சொல்லுதற்கன்றோ இது பயன்படும்?' என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். அவர் கேட்டது சரி. இத்தகைய பேச்சுக்களில் பெரும்பாலானவை இவ்விடத்தில்தான் பொய்யாய்ப் போகின்றன.

வள்ளுவர் இவ்வையத்தை எதிர்பார்த்தவர் போலவே அதிகாரங்களை அமைத்திருக்கின்றார். 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அதனையடுத்த 12ஆம் அதிகாரம் நடுவுநிலைமை. இவ்வடைவிற்குப் பரிமேலழகர் காட்டும் காரணம் ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைக்கத்தக்கது. உதவி செய்தவரை நினைத்த அளவில் நம் தராசு அவர் பக்கம் சாயப் பார்க்கும். அவ்விடத்தும் அது சாய்தலாகாது என்பதற்கே நடுவுநிலைமை நன்றியறிதலின் பின் வைக்கப்பட்டதென்பது அவர் கருத்து. நன்றியே நீதியைக் கெடுக்கக்கூடும் என்பதை இவ்வளவு தெளிவாகக் கண்ட உரையாசிரியரை யான் வியவாத நாளில்லை. ஆகவே, தேநீருக்கு நன்றி தேநீருக்கு. கூலிக் கணக்கு கூலிக் கணக்கு. ஒன்று மற்றொன்றுக்கு வரவாகாது. 1984ஆம் ஆண்டில் பஞ்சப்படி கேட்டு இவ்வூர்ப் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுட் பலர், தம் முதலாளி வீட்டுக் கலியாணத்தில் முதல்நாளே போய்ப் பந்தலுக்கு உழைத்தவர்கள்தாம். அவர்களை நன்றியற்றவரென்று சொன்னவர்கள் 11ஆம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டவர்கள் என்பேன்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். 2010ஆம் ஆண்டளவில் திருப்பூரில் தற்கொலைகள் மிகுந்தமை குறித்துச் செய்தித்தாள்கள் தொடர்ந்து எழுதின. கடன், குடும்பப் பிரிவு, தனியறை வாழ்வு என்று காரணங்கள் பல கூறப்பட்டன. அத்தகைய துன்பத்திற் கிடப்பவரிடம் போய், 'காலைச் சூரியனைப் பார், மகிழ்' என்பது கொடுமை. அவரிடம் நன்றியறிவைப் பேசலாகாது. அவர் பின்னாளில் நன்றியோடு நினைக்கத்தக்க ஒன்றை நாம் செய்யவேண்டும். பக்கத்தில் அமர்க. கஞ்சி கொடுக்க. மருத்துவரிடம் அழைத்துச் செல்க. இரவு நேரத்தில் வழி தெரியாவிடின், அரசினரின் மனநலத் தொலைபேசி எண்ணாகிய 14416ஐ அவர்க்காக நீங்களே அழைத்துப் பேசுக.

துன்பத்தைக் கூறியவாறே அமர்தல் எனக்கு உவப்பன்று; காசில்லாது கிடைக்கும் ஓர் இன்பத்தையும் கூறுவேன். நகரத்திற்கு அணித்தே நஞ்சராயன் குளம் இருக்கின்றது. பறவைகள் சரணாலயமாகிய அது, 2024ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பனிக்காலத்தில் இமயத்திற்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் அங்கு வந்திறங்குவதுண்டு. அவ்வளவு உயரம் பறந்துவரும் பறவைக்கு நம்மூர்க் குளம் போதுமானதாயிருக்கின்றது. நமக்கோ ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடைத்தெருவன்றி வேறிடம் தோன்றுவதில்லை. அவ்வாண்டே ஆகஸ்டு மாதம் அத்திக்கடவு அவிநாசித் திட்டமும் தொடங்கிவைக்கப்பட்டது. பவானியின் உபரிநீரை 1045 குளங்குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திட்டத்திற்காக அறுபதாண்டுக்கு மேலாகக் கேட்டுக் கேட்டு, காணாமலே கண்மூடியவர் நம் தந்தையரிற் பலர். வறண்ட குட்டையொன்றில் நீர் நிற்பதைக் கண்டால் வண்டியை நிறுத்திச் சற்றுப் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, இது எத்தனை பேர் கேட்டு வந்த நீர் என்று சொல்லுங்கள்.

முடிவாக, நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் நன்கொடையாளரையும், முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளையும் மேடையேற்றி மாலையிடுகின்றோம். அது நடக்கட்டும். இந்தக் கூட்டத்திற்கு நாற்காலி போட்டவர், ஒலிபெருக்கி கட்டியவர், பின்கட்டில் இப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் அம்மாள், நாளைக் காலையில் நாம் எறிந்த இலைகளை அள்ளப்போகும் மாநகராட்சித் தொழிலாளி ஆகியோர் பெயர்களைச் செயலாளரவர்கள் கேட்டறிந்து, அவர்கள் உடன்பாட்டோடு, நம் மாத இதழில் நன்கொடையாளர் பட்டியல் வரும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டுகின்றேன். பக்கம் போதாதென்று பத்திராதிபரவர்கள் சொன்னால், என் சொற்பொழிவிலிருந்து வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளலாம்.